கறுப்புத் திரையும் பென்சில் ரப்பரும்

புதிய ரேம் போட்டதும் கம்ப்யூட்டர் ஊமையாகிவிடுவது நாடு முழுக்க நடக்கும் கதை. பழுது பெரும்பாலும் ரேமில் இருப்பதில்லை. ஆனால் பழியும் செலவும் அதன் தலையில்தான்.

டெல்லியின் நேரு பிளேஸ், மும்பையின் லாமிங்டன் ரோடு, பெங்களூரின் எஸ்.பி. ரோடு, சென்னையின் ரிச்சி தெரு. நான்கு இடங்களிலும் பேரம் பேசும் பாஷை வேறு வேறு. ஆனால் ரிப்பேர் மேஜைகளில் கிடக்கும் ஒரு கருவி மட்டும் எங்கும் ஒன்றுதான்: பள்ளிக்கூடப் பிள்ளைகளின் பென்சில் ரப்பர். ஆன் ஆக மறுக்கும் கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு போனால், மெக்கானிக் கேபினட்டின் பக்க மூடியைக் கழற்றுவார். ரேமை உருவி, அதன் பொன்னிற விளிம்பை ரப்பரால் நாலு தேய் தேய்ப்பார். மறுபடி செருகி பட்டனை அழுத்துவார். திரை வெளிச்சமாகும். கூலியை வாங்கிப் பையில் போட்டுக்கொள்வார்.

வேடிக்கை என்னவென்றால், இந்த வைத்தியம் பாதி நேரம் பலிக்கிறது. மீதிப் பாதி நேரத்தில்தான் தலைவலி. "ரேம் போயிடுச்சு", "மதர்போர்டு போயிடுச்சு" என்று தீர்ப்பு எழுதப்பட்டு, நல்ல நிலையில் உள்ள பாகங்கள் குப்பைக்கோ செகண்ட் ஹேண்ட் கடைக்கோ போகின்றன.

இது முன்னைவிட இப்போது அதிகம் உறைக்கிறது. விண்டோஸ் 10க்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14உடன் முடித்துக்கொண்டது. ஜெராக்ஸ் கடை, ஆடிட்டர் அலுவலகம், கல்லூரி மாணவர் என்று பழைய கம்ப்யூட்டர்களை ஓட்டிக்கொண்டிருந்தவர்கள் விண்டோஸ் 11க்கு மாற நினைத்தார்கள். அதற்குக் காகிதத்தில் 4 ஜிபி ரேம் போதும். நடைமுறையில் 8 ஜிபிக்குக் கீழே இருந்தால் எருமை மாடு நகர்வது போல நகரும். புது மெஷின் வாங்குவதை விட ரேம் போடுவது மலிவு என்ற கணக்கு நியாயமானதுதான். ஆனால் அதே நேரத்தில் ரேம் சிப் தயாரிப்பாளர்கள், செயற்கை நுண்ணறிவுக்கான டேட்டா சென்டர்கள் கேட்கும் அதிவேக ரக மெமரியின் பக்கம் திரும்பிவிட்டார்கள். 2025 கடைசி மாதங்களில் சாதாரண ரேம்களின் விலை இரு மடங்கையும் தாண்டியது. சில்லறை வாடிக்கையாளர்களுக்கான தன் குருஷியல் பிராண்டையே மூடப்போவதாக மைக்ரான் நிறுவனம் 2025 டிசம்பரில் அறிவித்தது. விளைவு, பழைய மெஷின்களில் கழற்றியது, சர்வரில் இருந்து வந்தது, பெயர் தெரியாத சீன பிராண்டு எனக் கிடைத்ததை வாங்கும் கூட்டம். கிணறு வெட்ட பூதம் புறப்பட்ட கதை அங்கேதான் தொடங்குகிறது.

திரைக்கு முன்னால் நடப்பது

பவர் பட்டனை அழுத்திய கணத்தில் விண்டோஸ் ஓடத் தொடங்குவதில்லை. மதர்போர்டில் உள்ள பயாஸ் என்ற சிறு புரோகிராம்தான் முதலில் விழிக்கிறது. பிராசஸர் உண்டா, ரேம் உண்டா, கிராஃபிக்ஸ் உண்டா என்று அது வரிசையாக ஆஜர் பட்டியல் எடுக்கிறது. ஒவ்வொரு ரேமிலும் ஒரு குட்டிச் சிப் இருக்கிறது. 'என் கொள்ளளவு இது, வேகம் இது' என்ற ஜாதகம் அதில் எழுதப்பட்டிருக்கும். பயாஸ் அதைப் படித்து, மெமரியைத் தயார்செய்து, பிறகுதான் திரைக்குப் படத்தை அனுப்பும். ரேமில் சிக்கல் வந்தால் திரையில் எழுத்தாகச் சொல்லக்கூட வழியில்லை என்பதற்கு இதுவே காரணம். மின்விசிறி சுற்றும், விளக்கு எரியும், திரை மட்டும் கறுப்பாகவே இருக்கும்.

எனவே கம்ப்யூட்டர் வேறு வழிகளில் பேசுகிறது. 1981இல் ஐபிஎம் தன் முதல் பர்சனல் கம்ப்யூட்டரை விற்றபோதே மெமரிக் கோளாறுக்கு 201 என்ற எண் வைத்திருந்தது. பிறகு பீப் ஒலிகள் வந்தன. இவற்றுக்கு ஒரே அகராதி கிடையாது என்பதுதான் சங்கடம். ஒரு நீண்ட ஒலி, இரண்டு குட்டை ஒலி என்றால், அசூஸ் மதர்போர்டில் ரேமே தென்படவில்லை என்று அர்த்தம். அதே தாளம் பழைய அவார்டு பயாஸில் கேட்டால் கோளாறு கிராஃபிக்ஸ் கார்டில். யாரோ சொன்ன பீப் கணக்கை நம்பி ரேமை மாற்றுகிறவர்கள் இங்கேதான் ஏமாறுகிறார்கள். மதர்போர்டின் பெயரைப் பார்த்து, அதற்குரிய கையேட்டில் தேடுவது ஐந்து நிமிட வேலை.

டெல் லேப்டாப்கள் விளக்கால் பேசும். ஆரஞ்சு நிறத்தில் இரண்டு முறை, வெள்ளையில் மூன்று முறை கண்சிமிட்டினால் ரேம் இருப்பதே தெரியவில்லை என்று பொருள். வெள்ளை நான்கு முறை என்றால், ரேம் தெரிகிறது, ஆனால் பழுது. எச்பியின் பல வணிக ரக மாடல்களில் சிவப்பு மூன்று, வெள்ளை இரண்டு. புதிய மதர்போர்டுகள் பலவற்றில் 'டிராம்' என்று எழுதிய சிறு விளக்கே உண்டு. நம் ஊர் அசெம்பிள்டு மெஷின்களில்தான் ஒரு குறை: கேபினட்டில் பீப் அடிக்கும் சின்ன ஸ்பீக்கரையே மாட்டாமல் விட்டிருப்பார்கள். சொற்ப விலைக்குக் கிடைக்கும் பொருள். அதை வாங்கி மாட்டினாலே ஊமை மெஷின் வாய் திறக்கும்.

எல்லாச் செய்தியும் கெட்ட செய்தி அல்ல. பழைய டெல் டெஸ்க்டாப்களில் ரேமை மாற்றியதும், மெமரி அளவு மாறிவிட்டது என்று எச்சரிக்கை வந்து எஃப்1 அழுத்தச் சொல்லும். இதைப் பார்த்துப் பதறி மெஷினைக் கடைக்குத் தூக்கிச் செல்பவர்கள் உண்டு. அது கோளாறே அல்ல. மெஷின் புது ரேமைக் கணக்கில் சேர்த்துக்கொண்டது என்ற தகவல்.

செருகியது சரிதானா?

கறுப்புத் திரைகளுக்கு மிகச் சாதாரணமான காரணம், ரேம் முழுதாக உள்ளே போகாததுதான். உடைந்துவிடுமோ என்ற பயத்தில் பலர் மெதுவாக வைத்துவிட்டு நிறுத்திவிடுகிறார்கள். டெஸ்க்டாப்பில் இரு முனைகளிலும் சமமாக, நன்றாக அழுத்த வேண்டும். பக்கத்துக் கொக்கி 'டக்' என்று தானாக மூட வேண்டும். சில மதர்போர்டுகளில் ஒரு முனையில் மட்டுமே கொக்கி இருக்கும். கொக்கி இல்லாத முனைதான் பெரும்பாலும் தூக்கிக்கொண்டு நிற்கும். லேப்டாப்பில் சாய்வாகச் செருகி, பொன்னிற விளிம்பு கிட்டத்தட்ட மறைந்த பிறகே கீழே அழுத்த வேண்டும்.

வேலையைத் தொடங்கும் முன் விண்டோஸை முழுதாக மூடுவது நல்லது. விண்டோஸ் 10, 11இல் வெறும் ஷட் டவுன் என்பது முழுத் தூக்கமல்ல, அரைத் தூக்கம். ஷிஃப்ட் விசையைப் பிடித்துக்கொண்டு ஷட் டவுன் கொடுத்தால்தான் முழுதாக மூடும். பிறகு யூபிஎஸ்ஸை அணைத்து, ஒயரைப் பிடுங்கி, பவர் பட்டனைச் சில வினாடிகள் அழுத்திப் பிடித்தால் உள்ளே தேங்கிய மின்சாரமும் வடியும். லேப்டாப் என்றால் பேட்டரி இணைப்பையும் கழற்ற வேண்டும். உடம்பில் சேரும் நிலைமின்சாரம் சிப்பைக் கொல்லக்கூடியது. வடக்கே குளிர்காலத்தில் கம்பளி ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு ரேமைத் தொடுவது அபாயம். பெயின்ட் இல்லாத இரும்பை முதலில் தொட்டுவிட்டுக் கை வைப்பது எளிய காப்பு.

இன்னொரு காரணத்தை யாரும் சந்தேகிப்பதில்லை. ரேமைச் செருக அழுத்தும்போது கை பட்டு மதர்போர்டுக்கு வரும் மின் இணைப்போ, ஹார்டு டிஸ்க் கேபிளோ, கிராஃபிக்ஸ் கார்டோ சற்று நழுவியிருக்கும். நேற்றுவரை ஓடியது, இன்று ரேம் போட்டதும் நின்றது என்றால் யாருக்கும் ரேம் மீதுதான் கோபம் வரும். எல்லா இணைப்புகளையும் ஒருமுறை அழுத்திப் பார்க்கச் செலவு எதுவும் இல்லை. எஸ்.எம்.பி.எஸ். பெட்டியைச் சந்தேகிப்பது அதற்கு அப்புறம்.

சரி, ரப்பர்? கடலோர ஊர்களின் உப்புக் காற்றிலும் மும்பையின் மழைக்கால ஈரத்திலும் தொடுமுனைகளில் அழுக்கு படிவது உண்மை. தேய்த்தால் போகிறது. ஆனால் அந்தத் தங்கப் பூச்சு மிக மிக மெல்லியது. அடிக்கடி தேய்த்தால் தங்கமே போய்விடும். தேய்ப்பது நிலைமின்சாரத்தை உண்டாக்கும், ரப்பர் துகள் ஸ்லாட்டுக்குள் விழுந்தால் புதுக் கோளாறு. நூல் பிரியாத துணியில் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்டுத் துடைப்பதே முறை. ரப்பரின் புகழில் பாதி, கழற்றி மறுபடி சரியாகச் செருகியதற்குச் சேர வேண்டியது என்றே தோன்றுகிறது.

ஒரே பெயர், வேறு சாதி

அடுத்தது வாங்கும்போதே நடக்கும் தவறு. டெஸ்க்டாப் ரேமில் டிடிஆர்2, டிடிஆர்3 இரண்டுக்கும் 240 முனைகள். டிடிஆர்4, டிடிஆர்5 இரண்டுக்கும் 288. ஆனால் நடுவே உள்ள வெட்டு வேறு வேறு இடத்தில் இருப்பதால் ஒன்று மற்றதன் ஸ்லாட்டில் நுழையாது. நுழையவில்லை என்று பலத்தைக் காட்டினால் மதர்போர்டு உடையும். மின்னழுத்தமும் தலைமுறைக்குத் தலைமுறை குறைந்துகொண்டே வந்திருக்கிறது. டிடிஆர்3க்கு 1.5 வோல்ட், டிடிஆர்4க்கு 1.2, டிடிஆர்5க்கு 1.1.

வெட்டு பொருந்தி, உள்ளே நுழைந்தும் வேலை செய்யாதவைதான் ஆளை அலைக்கழிப்பவை. டிடிஆர்3லேயே 'எல்' என்ற எழுத்துடன் 1.35 வோல்ட்டில் ஓடும் ஒரு ரகம் உண்டு. இன்டெல்லின் நான்காம் தலைமுறை லேப்டாப்கள் கேட்பது இந்த ரகத்தைத்தான். கடைக்காரர் சாதா டிடிஆர்3ஐக் கொடுத்துவிட்டால் கறுப்புத் திரைதான். சர்வர்களில் கழற்றிய 'ரெஜிஸ்டர்டு' ரக ரேம்கள் மலிவாகக் கிடைக்கும். அளவும் வெட்டும் டெஸ்க்டாப் டிடிஆர்4 போலவே இருக்கும். வீட்டு மதர்போர்டில் அது ஓடாது. டிடிஆர்3 காலத்து மலிவு ரேம்களில் 'ஏஎம்டி மட்டும்' என்று பொடி எழுத்தில் போட்டவையும் சந்தையில் உண்டு. இன்டெல் டெஸ்க்டாப் போர்டுகளுக்குப் புரியாத வகையில் சிப்களை அடுக்கியவை அவை. பொடி எழுத்தைப் படிக்காமல் வாங்கி, ரேம் செத்த சரக்கு என்று திட்டுகிறவர்கள் எண்ணிக்கை கொஞ்சமல்ல.

நம் நாட்டுக்கே உரிய ஒரு கதை ஜி41. இன்டெல் 2008இல் வெளியிட்ட இந்தச் சிப்செட்டை வைத்துச் செய்த மதர்போர்டுகள் அதற்குப் பல ஆண்டுகள் பிறகும் இங்கே விற்றன. சின்ன ஊர் டிடிபி சென்டர்களிலும் டியூஷன் சென்டர்களிலும் அவை ஓடின. ஸ்லாட்டுக்கு 4 ஜிபி தாங்கும் என்று கையேடு சொல்லும். 4 ஜிபி ரேமை வாங்கிப் போட்டால் ஓடாது. பிரச்சினை கொள்ளளவில் இல்லை, சிப்பின் அடர்த்தியில். ஜி41 தாங்குவது சிப்புக்கு 2 ஜிகாபிட் வரைதான். அப்படியானால் 4 ஜிபிக்கு 16 சிப்கள் வேண்டும், அதாவது பக்கத்துக்கு 8. பின்னால் வந்த 4 ஜிபி ரேம்களில் 8 சிப்களே இருந்தன, ஒவ்வொன்றும் இரட்டிப்பு அடர்த்தி. பழைய ஜி41 அவற்றைக் கண்டுகொள்ளாது. கையில் எடுத்து இரண்டு பக்கமும் சிப்பை எண்ணிப் பார்த்து வாங்கியவர்கள் பிழைத்தார்கள்.

ரேம் வேலை செய்து, விண்டோஸ் மட்டும் அதைப் பார்க்க மறுக்கும் வழக்கும் உண்டு. 8 ஜிபி போட்டும் 3 ஜிபி சொச்சம்தான் காட்டுகிறது என்றால், அசெம்பிள் செய்தவர் அன்று ஏற்றிக்கொடுத்தது 32 பிட் விண்டோஸாக இருக்கும். அதற்கு மேல் அதற்குக் கண் தெரியாது. 64 பிட் ஏற்றினால் சரியாகும்.

பொறுத்திருப்பதும் வைத்தியம்

டிடிஆர்5 வந்த பிறகு புதிதாக ஒரு பீதி சேர்ந்திருக்கிறது. ஏஎம்டி 2022இல் கொண்டுவந்த ஏஎம்5 ரக போர்டுகளில் புது ரேம் போட்டு முதன்முறை ஆன் செய்தால், சில நிமிடங்கள்கூடத் திரை கறுப்பாகவே இருக்கலாம். மெஷின் செத்துவிடவில்லை. ஒவ்வொரு மின்கோட்டின் நேரத்தையும் அளந்து பார்த்து ரேமுடன் பழகிக்கொண்டிருக்கிறது. பொறுமை இழந்து பவரைப் பிடுங்கினால் அது ஆரம்பத்திலிருந்து தொடங்கும். மறுபடி பிடுங்கினால் மறுபடி. கடையில் கொண்டுபோய் வைத்ததும் 'தானாகச் சரியாகிவிட்ட' சில மெஷின்களின் ரகசியம் இதுதான்.

நான்கு ஸ்லாட் உள்ள போர்டில் இரண்டு ரேம் போடுவதென்றால் பிராசஸர் பக்கத்திலிருந்து இரண்டாவது, நான்காவது ஸ்லாட்டுகளே பெரும்பாலும் சரியான இடம். வேகம் வேறான இரண்டு ரேம்களைச் சேர்த்தால் மெதுவானதன் வேகத்தில் இரண்டும் ஓட வேண்டும். ஆனால் வேறு வேறு தயாரிப்புகளைக் கலந்தால் சில சமயம் மாமியார் மருமகள் உறவாகிவிடும். தனித்தனியாக இரண்டும் உத்தமம், ஒன்றாக வைத்தால் ஓடாது. பெட்டியில் எழுதிய வேகம் வேண்டும் என்று பயாஸில் எக்ஸ்எம்பி அல்லது எக்ஸ்போ என்ற அமைப்பை முடுக்கிவிட்டு, பிறகு மெஷின் எழாமல் போவதும் இந்த வகையில் சேரும். அப்போது பயாஸ் அமைப்புகளை ஆதி நிலைக்குக் கொண்டுவர வேண்டும். அதற்கு மதர்போர்டில் ஒரு ஜம்பர் இருக்கும், அல்லது சிஆர்2032 என்ற பொத்தான் பேட்டரியைச் சில நிமிடம் கழற்றி வைக்கலாம்.

ஆனால் பேட்டரியில் கை வைக்கும் முன் ஒரு நிமிடம். விண்டோஸ் 11 மெஷின்கள் பலவற்றில் ஹார்டு டிஸ்க் முழுவதும் பிட்லாக்கர் முறையில் பூட்டப்பட்டிருக்கிறது, உரிமையாளருக்கே தெரியாமல். பயாஸ் அமைப்புகள் மாறினால், திருடன் கை வைத்திருக்கிறான் என்று எண்ணி அது 48 இலக்கச் சாவியைக் கேட்கலாம். சாவி பெரும்பாலும் உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கும். அந்தக் கணக்கை உருவாக்கியது கடைக்காரர் என்றால்? கல்யாண போட்டோ முதல் வருமானவரிக் கணக்கு வரை அத்தனையும் பூட்டுக்குள். ரேம் சிக்கலில் உண்மையிலேயே இழப்பதற்குப் பெரிதாக ஏதாவது உண்டென்றால் அது இதுதான். மூடியைக் கழற்றும் முன்பே சாவியைக் காகிதத்தில் எழுதி வைத்துவிட வேண்டும்.

ஓடுகிறது, ஆனால்...

எழாத மெஷினை விட மோசமானது, எழுந்து ஓடும் அரைகுறை ரேம். நீலத் திரை வந்து 'மெமரி மேனேஜ்மென்ட்' என்று சொன்னால் அதிர்ஷ்டம், எச்சரிக்கையாவது கிடைத்தது. சொல்லாமலே ஒரு பிட்டை மாற்றி எழுதும் ரேம் இருக்கிறது. டாலி கணக்கு ஃபைல் திறக்க மறுக்கும், போட்டோவின் கீழ்ப்பாதி சாம்பல் நிறமாகும். வைரஸ் என்று சொல்லி மெஷினை ஃபார்மட் செய்வார்கள். பிறகும் அதே கதை. பேக்கப் எடுத்தால் கெட்டுப்போன ஃபைல்தான் பேக்கப்பிலும் போய் உட்காரும்.

இதற்குப் பரிசோதனை இலவசம். விண்டோஸில் ரன் பெட்டியில் 'எம்டிஷெட்' என்று ஆங்கிலத்தில் ஏழு எழுத்துகளை, எம், டி, எஸ், சி, எச் என்று தொடங்கி 'இடி' சேர்த்து, அடித்தால் கூடவே வரும் சோதனைப் புரோகிராம் எழும். அதைவிடக் கறாரானது மெம்டெஸ்ட்86 பிளஸ். பென் டிரைவில் ஏற்றி, அதிலிருந்தே மெஷினைக் கிளப்பி, ராத்திரி முழுக்க ஓடவிட வேண்டும். மின்வெட்டுள்ள ஊரென்றால் நல்ல யூபிஎஸ் துணை வேண்டும். காலையில் சிவப்பு வரி ஒன்றே ஒன்று தெரிந்தாலும் ஏதோ சரியில்லை. 'ஒண்ணு ரெண்டு எர்ரர் சகஜம்' என்று சொல்லும் மெக்கானிக்கை நம்ப வேண்டாம்.

பிறகு குற்றவாளியைப் பிரித்தெடுப்பது. ஒரே ஒரு ரேமை ஒரே ஸ்லாட்டில் வைத்துச் சோதிக்க வேண்டும். அடுத்து அதே ஸ்லாட்டில் மற்றதை. ஒன்று மட்டும் தோற்றால் அந்த ரேம் கெட்டது. இரண்டும் தோற்றால் அடுத்த ஸ்லாட்டில் இதையே திரும்பச் செய்ய வேண்டும். அங்கே இரண்டும் தேறினால் கோளாறு முதல் ஸ்லாட்டில். எங்கும் தோற்றால் மதர்போர்டையோ பிராசஸரையோ பார்க்க வேண்டும். தனித்தனியாகத் தேறி, சேர்த்தால் மட்டும் தோற்றால், பயாஸில் வேகத்தைக் குறைத்தோ பயாஸைப் புதுப்பித்தோ பார்க்கலாம். அதிலும் சரியாகாவிட்டால் ஜோடியாக விற்கும் ரேமே வழி.

கெட்டது ரேம்தான் என்று உறுதியானால் பில் பேசும். ஜிஎஸ்டி எண்ணும் ரேமின் சீரியல் எண்ணும் பில்லில் இருக்க வேண்டும். பெரிய பிராண்டுகள் பல தங்கள் ரேமுக்கு 'லைஃப்டைம்' வாரன்டி தருகின்றன. கச்சாக் காகிதத்தில் தொகையை மட்டும் எழுதிக் கொடுத்த கடையில் அது செல்லுபடியாகாது. கடைக்காரர் கைவிரித்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அடுத்த படி மாவட்ட நுகர்வோர் ஆணையம். 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்கு அங்கே மனுக் கட்டணம் கிடையாது.

கடையிலேயே ரேம் மாற்றுகிறவர்கள் பழைய ரேமை மேஜை மேலேயே விட்டுவிட்டு வருவது வழக்கம். கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். புதியது முரண்டு பிடிக்கும் அன்று மெஷினை எழுப்பிப் பார்க்க உங்களிடம் இருக்கும் ஒரே சாட்சி அதுதான். 2025இன் விலையேற்றத்துக்குப் பிறகு அதற்கு விலையும் இருக்கிறது, கடைக்காரருக்கு அது நன்றாகவே தெரியும்.